தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் பெங்களூர்

வருஷா வருஷம் நல்ல மழை ஒன்று கொட்டி ஓய்ந்ததும் இரண்டு மாநிலத்துத் தொலைக்காட்சிகளும் ஒரே நுரையைக் காட்டுகின்றன. கன்னட சானலில் அது வர்த்தூர் ஏரி நுரை. தமிழ் சானலில் அது கெலவரப்பள்ளி அணை நுரை. இங்கே "குடிநீர் வாரியம் தூங்குகிறதா?" என்று கேட்பார்கள். அங்கே "கர்நாடகா விஷத்தைத் திறந்துவிட்டது" என்று கொதிப்பார்கள். நாலு நாளில் நுரை அடங்கும். அதோடு கோபமும் அடங்கும். அப்புறம் அவரவர் ஆணியைப் பிடுங்க அவரவர் போய்விடுவோம்.

இந்த நுரை விஷயத்தில் பணம் செலவாகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கொட்டுகிற இடம்தான் தப்பு என்பது என் கட்சி. அழுக்கு வந்து சேருகிற இடத்தில் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். அழுக்கு புறப்படுகிற மேட்டுக்கு ஒரு வரைபடம் போடக்கூடக் காசு கிடையாது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று நம்மூரில் சொல்வார்களே, அதை அரசாணை போட்டு, டெண்டர் விட்டுச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்டால் பதில் சுலபம். நான் பொட்டி தட்டுவது பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில். சொந்த ஊர் கடலூர் பக்கம், பெண்ணையாற்றங்கரை. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக இறங்குவார்களே, அந்த ஆறு. நான் வேலை பார்ப்பது ஆற்றின் தலைமாட்டில், அப்பா அம்மா இருப்பது கால்மாட்டில். நடுவில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஆறு, இரண்டு அரசாங்கம், எண்ணி மாளாத துறைகள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெங்களூர்த் தண்ணீர் எங்கே போகிறது?

பெங்களூரில் பத்து வருஷம் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த ஊர் ஒரு மேட்டு முதுகின் மேல் உட்கார்ந்திருக்கிறது. முதுகின் மேற்குப் பக்கம் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்குப் போய், அங்கிருந்து காவிரியில் சேர்ந்து மேட்டூருக்கு வருகிறது. கிழக்குப் பக்கம் விழும் மழை தட்சிண பினாகினிக்குப் போகிறது. தட்சிண பினாகினி யாரோ இல்லை, நம்ம தென்பெண்ணைதான். நந்தி மலையில் பிறந்து, ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணை தாண்டி கடலூர் கிட்டே கடலில் சேர்கிறது.

ஆக, பெங்களூர் எந்தப் பக்கம் சாய்ந்து கொட்டினாலும் கடைசியில் தமிழ்நாட்டுக்குத்தான் வரும். இதில் சதி ஒன்றும் இல்லை. நிலத்தின் சாய்வு அப்படி.

கிழக்குச் சரிவில் மூன்று ஏரிச் சங்கிலிகள் கீழிறங்கி பெல்லந்தூர் ஏரியில் கூடுகின்றன. பெல்லந்தூர் நிரம்பினால் வர்த்தூர், வர்த்தூர் நிரம்பினால் பினாகினி. கெம்பே கௌடா காலத்திலிருந்து ஒரு ஏரி வழிந்தால் அடுத்த ஏரி நிரம்பும் என்று வெட்டி வைத்த ஏற்பாடு இது. ஏரிகளுக்கு நடுவே ஓடும் பெரிய வாய்க்கால்களுக்கு ராஜகாலுவே என்று பேர். பேரில் மட்டும்தான் இன்று ராஜா மிச்சம்.

இரண்டு வகை அழுக்கு

பெல்லந்தூர் ஏரி 2015-ல் நுரை தள்ளி ரோட்டுக்கு வந்தது. 2017 பிப்ரவரியில் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மறுபடி தீப்பிடித்தது. தண்ணீர் தீயை அணைக்கும் என்று ஒண்ணாம் கிளாஸில் படித்தவர்களுக்கெல்லாம் பெரிய அதிர்ச்சி. அதிலிருந்து இந்த ஊரில் ஏரி என்று பேச்செடுத்தாலே எல்லாரும் ஒரே மந்திரம்தான் சொல்கிறார்கள்: சாக்கடையை நிறுத்து, சுத்திகரிப்பு ஆலை கட்டு.

சாக்கடையை நிறுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஏரியில் சேரும் அழுக்கில் பெரிய பங்கு அதுதான். ஆனால் அது குழாய் அழுக்கு. குழாய்க்கு ஒரு வாய் உண்டு. வாயைக் கண்டுபிடித்து ஆலைக்குத் திருப்பலாம்.

இன்னொரு அழுக்குக்கு வாயே கிடையாது. அது சரிவு அழுக்கு. ரோட்டில் தேய்ந்த டயர் தூள், பிரேக்கில் உதிர்ந்த உலோகம், மெக்கானிக் ஷாப் வாசலில் சிந்திய எண்ணெய், கட்டடம் கட்டும் இடத்துச் சிமெண்ட் கரைசலும் சரளை மண்ணும், மார்க்கெட் கழிவு, மூலையில் எரித்த குப்பைச் சாம்பல், நாய், மாட்டுச் சாணம், தோட்டத்துக்குப் போட்ட உரம். வெயில் காலம் முழுக்க இதெல்லாம் ஊர் மேல் படிந்து கிடக்கும். முதல் மழை வந்து மொத்தத்தையும் வழித்து வாய்க்காலில் தள்ளும். ராஜகாலுவேயில் தேங்கிக் கிடந்த சோப்பு நுரைத் தண்ணீரையும் ஏரி அடியில் கிடந்த சேற்றையும் கலக்கிவிடும். மதகில் தண்ணீர் வேகமாக விழுந்து அடிக்கும்போது நுரை பொங்கும். நுரைப் படங்கள் ஏன் கோடையில் குறைவாகவும் மழைக்குப் பின் அதிகமாகவும் வருகின்றன என்று இப்போது புரிகிறதா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர். நூறு சதுர கிலோமீட்டர் ஊரில் ஒரு சாயங்காலம் 25 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வையுங்கள். பெங்களூருக்கு அது பெரிய மழையே இல்லை. மொத்தம் 250 கோடி லிட்டர். தரையெல்லாம் சிமெண்டும் தாரும் என்றால் அதில் எழுபது சதவீதம் வழிந்து ஓடும் என்று எடுத்துக்கொள்வோம். 175 கோடி லிட்டர்! காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கும்வரை இந்த மாநகரம் காவிரியிலிருந்து ஒரு நாள் முழுக்க இழுத்த தண்ணீர் 145 கோடி லிட்டர். அதைவிட அதிகமாக, இரண்டு மூணு மணி நேரத்தில், ஊரைக் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்குகிறது. இதை எந்த ஆலையில் சுத்திகரிப்பீர்கள்? உலகத்தில் அப்படி ஓர் ஆலையை யாரும் கட்டவில்லை, கட்டவும் முடியாது.

இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழு சொன்ன கணக்கு ஒன்று உண்டு. நாற்பது வருஷத்தில் பெங்களூரில் கட்டடப் பரப்பு 584 சதவீதம் கூடியது, பசுமை 66 சதவீதமும் நீர்நிலைகள் 74 சதவீதமும் குறைந்தன. இதை எல்லாரும் வெள்ளத்தைப் பற்றிப் பேச மட்டும் எடுத்துக் காட்டுகிறார்கள். வெள்ளம் எந்த வழியில் வருகிறதோ அதே வழியில்தான் அழுக்கும் வருகிறது. தண்ணீரை உறிஞ்ச மண் இல்லாத ஊரில் அழுக்கை வடிகட்டவும் மண் இல்லை.

பணம் எங்கே போகிறது?

2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் பெல்லந்தூர் வழக்கில் ஓங்கி அடித்தது. மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி அபராதம். அது போக, ஏரிகளைச் சீர்செய்ய 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் எடுத்து வைக்கவும் உத்தரவு. நல்லது. நானும் கை தட்டினேன்.

அந்த உத்தரவுக்குப் பின் பார்த்த வேலைகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். சுத்திகரிப்பு ஆலை, பெரிய குழாய், ஏரி அடியில் தூர் வாரல், கரைக்கு வேலி. எல்லாமே ஏரிக்கு உள்ளே அல்லது ஏரி வாயில். ஏரிக்கு மேலே இருக்கும் சரிவுக்கு என்ன செய்தார்கள்? ராஜகாலுவேக்கு இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். கான்கிரீட் வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடும், அழுக்கும் வேகமாக வந்து சேரும். தூர் வாரிய ஏரிக்குள் அடுத்த மழையிலேயே புது மண். வாரியவருக்கு வேலை நிரந்தரம் :-)

குறை பெங்களூரோடு நிற்கவில்லை. 1974-ல் வந்த தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் எந்திரம் முழுக்க, எந்த ஆலை எந்த வாய் வழியாக எதை வெளியே விடுகிறது, அதற்கு அனுமதி வாங்கியதா என்ற கேள்வியின் மேல் நிற்கிறது. ஒரு தொழிற்சாலையைப் பிடிக்க அது போதும். பத்தாயிரம் வீட்டு வாசலிலிருந்து துளித் துளியாக வருவதைப் பிடிக்க அது போதாது. பணமும் சட்டத்தின் பின்னாலேயே போகிறது. 2014-15-ல் ஆரம்பித்த நமாமி கங்கே 20,000 கோடி ரூபாய்த் திட்டம். அதிலும் பெரும்பங்கு கழிவுநீர்க் கட்டுமானத்துக்கு. 2021-ல் வந்த அம்ருத் 2.0-க்கு 2,99,000 கோடி என்று அறிவிப்பு. குழாய், இணைப்பு, ஆலை, கொஞ்சம் நீர்நிலைப் புனரமைப்பு. ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே நிலமாகப் பார்த்து, இன்ன இடத்திலிருந்து இவ்வளவு அழுக்கு வருகிறது, அதை இப்படிக் குறைப்போம், இவ்வளவு செலவாகும் என்று எழுதி வைக்கிற வேலைக்கு இவற்றில் பெரிய இடம் இல்லை.

அந்த வேலைக்குச் சொந்தக்காரரும் இல்லை. பெல்லந்தூர் ஏரி பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் கையில். சாக்கடை குடிநீர் வாரியத்தின் கையில். மழைநீர் வாய்க்கால் மாநகராட்சியின் கையில். தண்ணீரைச் சோதிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஏரிகளுக்கென்று ஓர் ஆணையம் வைத்தார்கள், 2018-ல் அதையும் கலைத்தார்கள். மாநகராட்சியே 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்துவிட்டது. வார்டு எல்லை, மாநகராட்சி எல்லை எல்லாம் ரோட்டைப் பார்த்துப் போட்ட கோடு. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. ஒரே பள்ளத்தாக்கு இன்று ஒன்றுக்கு மேற்பட்ட மாநகராட்சியில் கிடக்கிறது.

எங்கள் குடியிருப்பு விஷயத்தையே சொல்கிறேன். சட்டப்படி சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கிறோம். மாதா மாதம் மின்சாரம், ஆபரேட்டர் சம்பளம், பரிசோதனை என்று பணம் கட்டுகிறோம். குழாய் அழுக்கு எங்கள் பக்கம் கட்டுப்பாட்டில். ஆனால் மழை பெய்தால் பார்க்கிங்கும், முன்னாடி ரோடும், பக்கத்து மனையில் இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துச் செம்மண்ணும் நேராக வாய்க்காலுக்குப் போகின்றன. கட்டடக்காரர் மண் வெளியே போகாமல் ஒரு தடுப்பு வைக்க வேண்டாமா என்று கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். "நம்மதல்லா சார்" என்று அடுத்த அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே மூன்றாவது அலுவலகத்தைக் காட்டினார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த இளம் எஞ்சினியர் நல்ல மனுஷன். உண்மையைச் சொன்னார்: "மண் வாய்க்காலை அடைத்தால் வாரித் தள்ள எனக்குப் பட்ஜெட் இருக்கிறது. மண் வராமல் தடுக்க எனக்குப் பட்ஜெட் தலைப்பே கிடையாது."

மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. தலைப்பு இல்லாத வேலையை எந்த நல்ல மனுஷனாலும் செய்ய முடியாது.

கோலாருக்குத் தெரியும், கோரமங்களாவுக்குத் தெரியாது

நீர்வடிப்பகுதி (வாட்டர்ஷெட் என்பதற்கு தமிழ்நாட்டு அரசு ஏடுகளில் வழங்கும் சொல்) என்பது நமக்குப் புதுசா என்றால் துளியும் இல்லை. 1973-74-ல் வறட்சிப் பகுதித் திட்டம் வந்தது. 1994-ல் ஹனுமந்த ராவ் குழு பேரில் வழிகாட்டு நெறிகள் வந்தன. இன்றைக்கும் ஒன்றிய அரசின் நில வளத் துறை இதற்கென்றே திட்டம் நடத்துகிறது. பெங்களூருக்குப் பக்கத்திலேயே, கோலார் உட்பட ஐந்து மாவட்டங்களில், 2001-லிருந்து உலக வங்கிக் கடனில் சுஜலா என்று ஒரு திட்டம் நடந்தது. சின்னச் சின்ன ஓடைப் பகுதியாகப் பிரித்து, வரைபடம் போட்டு, ஊர்க்காரர்களை உட்கார வைத்து, எங்கே வரப்பு, எங்கே தடுப்பணை, எங்கே மரம் என்று முடிவு செய்தார்கள். வேலை நடப்பதைச் செயற்கைக்கோள் படம் வைத்துக் கண்காணித்தார்கள். ஊர் உலகம் பாராட்டியது.

அதாவது எப்படிச் செய்வது என்று இந்த மாநிலத்துக்குத் தெரியும். தெரிந்த வித்தை நகர எல்லையைத் தாண்டி உள்ளே வருவதில்லை, அவ்வளவுதான். கிராமத்தில் நீர்வடிப்பகுதித் திட்டம் என்றால் மண் ஈரமும் விளைச்சலும்தான் குறி. தண்ணீரின் தரம் அங்கே ஓரமாக வரும் விஷயம். நகரத்தில் தண்ணீரின் தரம் என்றால் ஆலையும் குழாயும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது வழிந்தோடும் மழையின் அழுக்கு. நடுவில் கிடப்பது யாருக்கும் சொந்தமில்லை.

மேட்டில் செலவு செய்தால் பலன் உண்டா?

உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் முன் சண்டிகருக்குப் போவோம். 1958-ல் கட்டிய சுக்னா ஏரி அந்த நகரத்தின் செல்லம். கட்டிய பதினைந்து வருஷத்துக்குள் ஏரியின் கொள்ளளவில் பெரும் பகுதியை மண் நிரப்பிவிட்டது. வாரினார்கள், மறுபடி வந்தது. மண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மேலே ஏறிப் போனவர் பி.ஆர். மிஸ்ரா, மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர். சுகோமாஜ்ரி என்ற சின்னக் கிராமத்துக்கு மேலே மொட்டையடிக்கப்பட்ட சிவாலிக் குன்று. ஆடு மாடு மேய்ந்து புல் பூண்டு இல்லை. ஊர்க்காரர்களோடு பேசினார். மழைத் தண்ணீரைத் தேக்கச் சிறு அணைகள் கட்டித் தரப்பட்டன. வயலுக்குத் தண்ணீர் கிடைத்தது. பதிலுக்கு அவர்களாகவே குன்றில் மேய்ச்சலை நிறுத்தினார்கள். புல் வந்தது, மரம் வந்தது. அந்தச் சரிவிலிருந்து வந்த மண் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தது. எல்லாம் 1970-களின் கடைசியில் நடந்தது. ஏரிக்குள் வருஷா வருஷம் வாரக் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் மேலே செலவானது சில்லறை.

நியூயார்க் நகரம் குடிப்பது இருநூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள கேட்ஸ்கில், டெலவேர் மலைப் பகுதித் தண்ணீர். 1990-களில் அவர்களுக்கு இரண்டு வழி இருந்தது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டலாம், இல்லையென்றால் மலைச் சரிவைக் காப்பாற்றலாம். 1997-ல் மலைவாசிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். மாட்டுப் பண்ணைச் சாணம் ஓடையில் சேராமல் இருக்கப் பண்ணைக்காரருக்கு நகரம் காசு கொடுத்தது. வீடுகளின் செப்டிக் தொட்டியைச் சரிசெய்ய நகரம் காசு கொடுத்தது. நிலமும் வாங்கியது. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் காசு கொடுத்து அழுக்கை அங்கேயே நிறுத்தினான். அந்த மலைத் தண்ணீருக்கு ஆலை கட்டும் செலவு மிச்சம்.

அமெரிக்காக்காரன் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அவனும் 1972-ல் சட்டம் போட்டபோது குழாய்களைத்தான் துரத்தினான். பதினைந்து வருஷம் கழித்து, 1987-ல், குழாய் இல்லாத அழுக்குக்கென்று சட்டத்தில் தனிப் பிரிவு சேர்த்துத் தனியாகப் பணம் ஒதுக்கினான். அந்தப் பணம் வாங்க நீர்வடிப்பகுதித் திட்டம் வேண்டும். அழுக்கு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு குறைக்கணும், என்ன வேலை, என்ன செலவு, மக்களை எப்படிச் சேர்ப்பது, எப்போது முடியும், முடிந்ததா என்று எதை அளந்து சொல்வது என்று எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருக்கணும். எல்லாம் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் கேட்கிற சாதாரணக் கேள்விகள். பெங்களூரில் ப்ராஜெக்ட் மேனேஜருக்கா பஞ்சம்?

"ஆனால் சார்..."

முதல் ஆட்சேபம்: முதலில் சாக்கடையை முடிங்க, அப்புறம் மழைத் தண்ணீரைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே வாய்க்காலில் ஓடுகிற ஊரில் எதை முதலில், எதை அப்புறம் என்று பிரிப்பீர்கள்? திருட்டுத்தனமாக மழைநீர் வாய்க்காலில் விடப்படும் சாக்கடையைக் கண்டுபிடிக்கவே பள்ளத்தாக்கு முழுக்க நடந்து, ஒவ்வொரு கிளையிலும் தண்ணீரை அளந்து பார்க்கணும். அதைத்தான் திட்டம் என்கிறேன். திட்டம் இல்லாமல் ஆலை கட்டினால் ஆலைக்குச் சாக்கடை வந்து சேருவதில்லை என்பதை இந்த நாடு 1986-ல் கங்கையில் ஆரம்பித்துப் பார்த்துவிட்டது.

இரண்டாவது: திட்டம் போட்டால் அலமாரியில் தூங்கும். நியாயமான பயம். ஏரிகளைப் பற்றி 1980-களில் லக்ஷ்மண ராவ் குழு அறிக்கை, 2011-ல் நீதிபதி பாட்டீல் குழு அறிக்கை என்று அறிக்கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அறிக்கை வேறு, பணமும் பொறுப்பும் சேர்ந்த திட்டம் வேறு. திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் வராது என்று விதி போட்டுப் பாருங்கள். காண்டிராக்டர்களே அலமாரியைத் திறந்து தூசு தட்டுவார்கள்.

மூன்றாவது: ஊர் முழுக்கக் கட்டியாகிவிட்டது, இனிமேல் என்ன? இருக்கிற ஊரில் செய்ய நிறைய இருக்கிறது. மழைக் காலத்துக்கு முன் முக்கிய ரோடுகளை ஒழுங்காகக் கூட்டி அள்ளினாலே முதல் மழையில் இறங்கும் அழுக்கு குறையும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மண் தடுப்பு கட்டாயம். மெக்கானிக் ஷாப் தெருக்களில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி. மிச்சமிருக்கும் வாய்க்கால் ஓரங்களில் சுவருக்குப் பதில் கோரைப்புல் கரை. ஏரி வாயில் சதுப்பு நிலம். இதே ஊரில் ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த தண்ணீரைச் சதுப்பு வழியாக விட்டு ஏரிக்கு உயிர் கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள். 2009-லிருந்து மழைநீர் சேகரிப்பு சட்டப்படி கட்டாயம். குடிநீருக்கு என்று போட்ட அந்தச் சட்டத்தை மாசுக்கும் சேர்த்துக் கணக்கு வைத்தால் தரையில் இறங்கும் ஒவ்வொரு லிட்டரும் வாய்க்காலைக் கழுவாத லிட்டர்.

ஏரிக்கும் வாய்க்காலுக்கும் எவ்வளவு தூரம் விட்டுக் கட்டலாம் என்பதையே நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்த ஊர் இது. 2016-ல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிக்கு 75 மீட்டர் என்றது. 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மாஸ்டர் பிளானில் உள்ளதே போதும் என்றது. நான் சொல்லும் திட்டம் ஒன்று இருந்திருந்தால், இந்தச் சரிவுக்கு இத்தனை மீட்டர் வேண்டும், காரணம் இது என்று கோர்ட்டில் நீட்டியிருக்கலாம். நீட்ட ஒன்றும் இல்லாதபோது வக்கீல் வாதம்தான் மீட்டரைத் தீர்மானிக்கும்.

நம்மாட்களுக்கும் ரெண்டு வார்த்தை

நுரைப் படத்தைப் பார்த்ததும் கர்நாடகாவைத் திட்டுவதோடு நம்ம ஊர்க் கடமை முடிந்துவிடுகிறது. தென்பெண்ணைக்காகத் தமிழ்நாடு 2018-ல் உச்ச நீதிமன்றம் போனது. மார்க்கண்டேய நதியில் அணை கட்டுவது போன்ற விஷயங்கள் அதில் இருக்கின்றன. எவ்வளவு தண்ணீர் வரும் என்ற சண்டை. வேண்டிய சண்டைதான். எப்படிப்பட்ட தண்ணீர் வரும் என்ற கேள்விக்கு அதே மூச்சைக் கட்டிப் போராட ஆள் இல்லை. ஓசூர் பக்கத்து ரோஜாத் தோட்டமும் காய்கறித் தோட்டமும் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. அந்தக் காய் திரும்ப பெங்களூர் மார்க்கெட்டுக்குத்தான் வருகிறது. பெங்களூர்க்காரர் கழுவிவிட்டது பெங்களூர்க்காரர் சாம்பாரிலேயே வந்து விழுகிறது. ஆக, இது தமிழன் கன்னடன் தகராறு இல்லை.

ஓசூர் இப்போது குட்டி பெங்களூராக வளர்கிறது. அதே சிமெண்ட், அதே அடைத்த வாய்க்கால். ஓசூருக்காவது தமிழ்நாடு அரசு இந்த மாதிரித் திட்டம் ஒன்று இப்போதே போட்டால், அடுத்த தடவை பக்கத்து மாநிலத்தைக் கேள்வி கேட்கும்போது குரலில் கொஞ்சம் கனம் இருக்கும்.

நான் கேட்பது

பெரிதாக ஒன்றும் இல்லை. ஏரிக்கும் ஆற்றுக்கும் ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முதல் இரண்டு ரூபாய் மேட்டுக்குப் போகட்டும். பள்ளத்தாக்குத் திட்டம் போடவும், மழை நாளில் ஒவ்வொரு கிளை வாய்க்காலிலும் தண்ணீரை அளக்கவும் மட்டும். 500 கோடியில் அது 10 கோடி. மிச்சம் 490 கோடியை எங்கே போடுவது என்று அந்தப் பத்துக் கோடி சொல்லும்.

அந்தப் பணம் எந்தத் துறைக்கும் போகக் கூடாது. பள்ளத்தாக்கின் பேரில் இருக்கணும். கோரமங்களா-சல்லகட்டா பள்ளத்தாக்கு என்று கணக்குத் திறந்து, எல்லாத் துறையும் அதில் கையெழுத்துப் போடட்டும். அளந்த எண்களை மாதா மாதம் எல்லாரும் பார்க்க வெளியிடட்டும். மேஜையில் ஒரு நாற்காலி கெலவரப்பள்ளிப் பாசன விவசாயிக்கு. கீழே இருப்பவன் கண் பார்க்காமல் மேலே இருப்பவன் கை சுத்தமாகாது.

இதற்கு ஓட்டு விழாது, ரிப்பன் வெட்ட ஆலை இருக்காது, கல்வெட்டில் பேர் வராது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதனால்தான் கோர்ட்டும் அபராதமும் இல்லாமல் இது நடக்க, இங்கே வரி கட்டுகிறவர்கள் கேட்கணும். உங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், வார்டு கூட்டத்தில், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒரே கேள்வி போதும்: "ஆலைக்கு எவ்வளவு ஒதுக்கினீங்க என்பது தெரியும். மேட்டுக்கு எவ்வளவு?"

பதில் பூஜ்யம் என்று வந்தால் அதைப் பூஜ்யம் என்றே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு நுரை வரும்போது கையில் ஒரு தாளாவது இருக்கும்.

டிஸ்கி: "பெங்களூர்ல சம்பாதிச்சுக்கிட்டு பெங்களூரையே திட்டுறியா?" என்று கேட்கத் துடிக்கும் அண்ணாச்சிகளுக்கு: சம்பாதிக்கிற ஊருக்கு வரி கட்டுகிறேன். அந்த வரியை எங்கே போடணும் என்று சொல்வது திட்டு இல்லை, கணக்குக் கேட்பது.